இரவுக் கடிதங்களுக்குப் பதில் இல்லை

முப்பத்தாறு ஆண்டு அரசாங்க சேவையில் நான் பதில் எழுதாமல் விட்ட கடிதம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நெடுங்காலம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் அந்தப் பெருமையே என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தது. இப்படிப்பட்ட விடயத்தில் வாசிப்பவரைக் காக்க வைப்பது மரியாதையில்லை, ஆகையால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதனால் முடியவில்லை. நேற்றுக்கூட இடியப்பம் இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டு மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

கச்சேரியில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக வெளியே வந்தவன் நான். சங்கீதக் கச்சேரியை நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே கச்சேரி என்றால் மாவட்டத்தின் அரசாங்க அலுவலகம், எங்கள் வாயில் கந்தோர். பிறப்பு, இறப்பு, பெயர்த் திருத்தம், பென்சன், காணி, எதுவானாலும் எந்தக் கரும பீடத்து ஜன்னல், எந்தப் படிவம், எத்தனை பிரதி, யார் கையொப்பம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் வழி சொன்னேன். வழி சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நாம் அந்த வழியில் போக வேண்டியதில்லை அல்லவா.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்து ஊர் அடங்கிய வாரத்தில், இரவு ஒன்றே முக்கால் மணிக்கு, அந்த யோசனை முதன்முதலாக வந்தது. உன்னை நீயே முடித்துக்கொண்டால் என்ன என்றது. அதற்குமேல் அது சொன்னவற்றை இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தகுந்த தமிழ்கூட அதனிடம் இல்லை. காரணம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கடன் இல்லை, வழக்கு இல்லை. மகள் கொழும்பில் சுகமாக இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் பேசுகிறாள். எனக்குச் சாகும் விருப்பமும் இல்லை. விருப்பமே இல்லாத ஒன்றைச் செய் செய் என்று என் தலைக்குள்ளேயே ஒன்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. பகலில் சந்தைக்குப் போனேன், பத்திரிகையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன், பிறர் படிவங்களை நிரப்பினேன். ஒன்றே முக்காலுக்கு அது தவறாமல் ஆஜராகும். இவ்வளவு நேரம் தவறாத ஒருவரை நான் கந்தோரில் கண்டதில்லை.

முதல் இரவே பதில் சொல்லத் தொடங்கினேன். பழக்கதோஷம். இருட்டில் மல்லாந்து படுத்தபடி மனதுக்குள் வரைவு எழுதினேன். முதலாவது, மனைவிக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டாவது, மகளுக்கு இது தீராத காயம். மூன்றாவது, நான் யாருக்கும் கெடுதல் செய்தவன் அல்ல. இப்படியே பன்னிரண்டு நியாயங்கள். அது பன்னிரண்டையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, ‘ஆயினும்’ என்று தொடங்கும். கந்தோரில் ‘ஆயினும்’ என்று தொடங்கும் கடிதத்துக்கு எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு நான் களைத்துப்போவேன். அதற்குக் களைப்பே இல்லை. பிறகு ஹோலில் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய பத்திரிகைகளை வாசிப்பேன்.

பதினொரு கிழமை, எழுபத்தேழு இரவு, யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். கண்டியில் தும்மினால் கம்பளையில் ஆயுசு நூறு என்பார்கள். ஆனால் பெரிய காரணம் வேறு. எழுத்தில் வந்தது அழியாது என்பது எங்கள் தொழிலின் வேதம். வாயால் சொன்னால் அது பதிவாகிவிடும், பதிவானால் உண்மையாகிவிடும் என்று நம்பினேன். சொல்லாதவரை அது வெறும் காற்று என்று நினைத்தேன். காற்றுக்கு ஏன் பன்னிரண்டு நியாயங்கள் எழுதினாய் என்று கேட்காதீர்கள்.

பிறகு ஓர் இரவு எனக்கு என்னைப் பற்றியே பயம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. குசினியில் அடுப்பருகே விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன், ஏன் அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. அவ்வளவுதான். விடிந்ததும் மனைவியிடம் கண் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற முதலில் கண் கிளினிக்கிலேயே நம்பர் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவரிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு, இரண்டு கட்டடம் தள்ளி, மனநல கிளினிக்கின் வாங்குப் பலகை நுனியில் போய்க் குந்தினேன். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதிகாலையில் எழுதியது, மூன்று பிரதி.

“ஐயா! கச்சேரி ஐயாதானே?”

பக்கத்தில் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும், மடியில் ஒரு குடை, கையில் மருந்துப் பை. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“தெல்தோட்டை ஆளுங்க. பொறப்புப் பத்திரத்துல என்னைய ஆம்பளன்னு எழுதி வச்சிருந்தாய்ங்களே. நீங்கதானே திருத்திக் குடுத்தீங்க. அதுக்கு அப்புறந்தான் நான் பொம்பளையானேன்.”

ஞாபகம் வந்தது. நாலு தடவை அலைந்து திருத்திய ஃபைல் அது, கந்தோர் பாஷையில் கோவை.

“யாருக்குங்கய்யா வந்திருக்கீங்க?”

“சொந்தக்காரர் ஒருத்தருக்கு. விசாரிச்சிட்டுப் போகலாம்னு.”

“அவரு வரலியா?”

“இல்ல. கூச்சப்படுறார்.”

“பாவம்,” என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நானும் மொதத் தடவ நாத்தனாருக்குன்னுதான் வந்தேன். நாத்தனாரக் கூட்டிக்கிட்டு வாங்கன்னுட்டாங்க டொக்டரம்மா. எனக்கு ஏதுங்க நாத்தனாரு? எங்க வீட்டுக்காரரு ஒத்தப் புள்ள.”

நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

“ஒங்க சொந்தக்காரருக்கு ராத்திரியிலயா, பகல்லயா?”

“ராத்திரி.”

“எனக்கும் ராத்திரிதாங்க. என்னென்னமோ செய்யச் சொல்லும். இப்ப பரவால்ல, ரெண்டு வருசமாச்சு. வருவேன், மருந்து வாங்குவேன், டவுன்ல ரெண்டு உளுந்து வட தின்னுட்டு பஸ் ஏறிருவேன்.” அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மழைக்குக் குடை பிடிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல. அவரைப் பெண்ணென்று அத்தாட்சிப்படுத்தியவன் நான். அவருடைய துணிவில் கால்வாசிகூட அந்த நிமிடம் என்னிடம் இல்லை.

“பேரு பதிஞ்சிட்டீங்களா ஐயா?” என்றார் திடீரென்று.

“எங்க?”

“அந்த ஜன்னல்ல. பதியாம இங்கின குந்தியிருந்தா சாயங்காலம் வரைக்கும் கூப்பிட மாட்டாங்க.” என்னை ஒரு பார்வை பார்த்தார். “எல்லாருக்கும் வழி சொல்ற ஆளு நீங்க.”

எழுந்தேன். அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். போகிறபோது குனிந்து, மெதுவான குரலில், “உள்ள போறப்ப அந்தச் சொந்தக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, ஐயா,” என்றார்.

ஜன்னலில் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். வயது சொன்னேன். முகவரி சொன்னேன். எழுதிக்கொண்ட பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஆயிரம் பேரை நிமிர்ந்து பார்க்காமல் பதிந்திருக்கிறேன். அது இவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றுதான் தெரிந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என் மகளின் வயது. கடிதத்தை நீட்டினேன். பொருள்: இரவு வேளைகளில் ஏற்படும் விரும்பத்தகாத சிந்தனைகள் தொடர்பாக. அவர் முழுவதையும் வாசித்தார். இடையில் ஒருமுறை உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். பிழையில்லை.

“வடிவா எழுதியிருக்கிறியள் ஐயா. இதில ‘மேற்குறித்த நபர்’ எண்டு ஆறு இடத்தில கிடக்கு. ஆர் அது?”

மேசையைப் பார்த்தேன். பதினொரு கிழமை, பன்னிரண்டு நியாயங்கள், மூன்று பிரதிகள்.

“நான்தான்,” என்றேன்.

“ஓம்,” என்று தலையாட்டினார் அவர். அவ்வளவுதான். கூரை இடியவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக என் பிரதியில் ஒரு கையொப்பம் வேண்டும் என்று கேட்டேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். டொக்டர் பேனாவை எடுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, கையொப்பமிட்டு, திகதியும் போட்டுத் தந்தார். என் சேவைக்காலத்தில் வாங்கிய எந்தப் பாராட்டுக் கடிதத்துக்கும் அந்த மதிப்பு இல்லை.

பிறகு நேரடியாகக் கேட்டார். “சாக வேணுமெண்டு விருப்பமிருக்கோ, இல்லாட்டி அந்த யோசனை வந்து உங்களைப் பயப்பிடுத்துதோ?”

“விருப்பமில்ல. பயம்தான்.”

“எப்பிடிச் செய்யிறதெண்டு ஏதும் யோசிச்சு வச்சிருக்கிறியளோ?”

“இல்ல.” இப்படி ஒருவர் வெளிப்படையாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டவுடன் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

“யோசினை வாறது வேற ஐயா, முடிவெடுக்கிறது வேற. கனபேருக்கு வாறது. ஆனா நீங்கள் தனியச் சுமக்கக் கூடாது. சரி, அது வரேக்க நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“பதில் சொல்வேன். பன்னிரண்டு நியாயம் வச்சிருக்கேன்.”

“கேட்டு அடங்குதோ?”

“இல்ல. பதின்மூன்றாவது கேட்கும்.”

“அப்ப ஏன் ஐயா பதில் எழுதுறியள்?”

கடுகண்ணாவை என்ற ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அடுத்த காணிக்காரரின் பலாமரம் தன் கூரையில் சருகு கொட்டுகிறது என்று வாராவாரம் கச்சேரிக்கு எழுதியவர். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒழுங்காகப் பதில் அனுப்பினேன். ஒரு பதிலுக்கு இரண்டு கடிதம் வந்தது. சருகிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து அடுத்தவரின் பாட்டனாருக்கும் போனார். மூன்றாம் வருடம் ஒருநாள் அவர் கடிதத்தின் மூலையில் ‘கோவையிலிடுக’ என்று எழுதினேன். பதில் தேவையில்லை, கோவையில் சேர்த்துவிடு என்று அர்த்தம். ஆறு மாதத்தில் கடிதங்கள் குறைந்தன. கடைசியில் சித்திரை வருடப் பிறப்புக்கு ஒன்று மட்டும் வந்தது.

இதை டொக்டரிடம் சொன்னேன். இந்த முறை டொக்டர் அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

“அந்தக் கடிதங்களைக் கிழிச்சு எறிஞ்சனீங்களோ?”

“சே. அது குற்றம். வாசிச்சேன், திகதி போட்டேன், உள்ளே வச்சேன்.”

“இதைத்தான் நானும் சொல்லப்போறன். கலைச்சு விரட்டவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். வந்திட்டுது எண்டு மட்டும் பாருங்கோ.” பிறகு பேனாவைக் கீழே வைத்தார். “ஆனா ஒண்டு. பயம் கூடி, ஏதும் செய்துபோடுவன் போல இருந்தா அது கோவையில வைக்கிற கடிதமில்லை. உடன பக்கத்தில இருக்கிற ஆளை எழுப்ப வேணும். எத்தினை மணியெண்டாலும். இல்லாட்டி நேர இஞ்ச வாங்கோ, ராத்திரியிலயும் ஆள் இருக்கும். இண்டைக்கே வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்கோ. கைக்கெட்டக் கூடாத சாமான்களை அவவிட்டக் குடுத்துப் பூட்டச் சொல்லுங்கோ.” மாத்திரையும் எழுதி, இரண்டு கிழமையில் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. சுற்றி வளைத்துச் சொன்னால் மதிப்பெண் தரமாட்டாள்.

“கண்ணுக்கு என்னவாம்?”

“கண் கிளினிக்குக்குப் போகல.” நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

துருவுவதை நிறுத்தினாள். “பதினொரு கிழமையாவா?”

“ஆமா.”

“நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்?”

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தேங்காய்ப்பூ கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ராவுல எழும்பிப் போய் யாருக்கோ போன்ல பேசுறீங்கன்னு. இந்த வயசுல ஒரு பொம்பள சகவாசம்னு.”

“இந்த மூஞ்சிக்கா?”

“அதான் எனக்கும் வெளங்கல.”

இருவரும் சிரித்தோம். சிரிப்பின் நடுவிலேயே அவளுக்கு அழுகையாக மாறிவிட்டது. நானும் அழுதேன், என் தாய் இறந்தபோதுகூட அழாதவன். அன்று மாலையே வீடு முழுக்க நடந்து, எடுக்க வேண்டியவற்றை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.

பதில் எழுதாமல் இருப்பது லேசான வேலை அல்ல. முதல் கிழமை முழுக்கத் தோற்றேன். அது ஒன்று சொல்லும், எனக்குக் கை அரிக்கும். அது சொன்னதில் தரவுப் பிழை இருக்கிறதே, அதையாவது சுட்டிக்காட்ட வேண்டாமா என்று தோன்றும். சில இரவு மனைவியை எழுப்பினேன். அவள் பாதி நித்திரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்திருச்சா? சரி, வரட்டும்,” என்பாள், உடனே குறட்டை விடுவாள். அந்தக் குறட்டை மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. மாத்திரை வாயை உலர்த்தியது, தள்ளாட வைத்தது. டொக்டர் அளவை மாற்றினார். தைப்பொங்கல் வந்தபோது கிழமைக்கு மூன்று இரவாகக் குறைந்திருந்தது.

மாசியில் மனைவியின் தங்கை மகளுக்கு மாத்தளையில் பிரசவம். போகவா வேண்டாமா என்று இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போ என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

அவள் போன முதல் இரவே அது வந்தது. வாசித்தேன், வைத்தேன். மறுபடி வந்தது, வைத்தேன். மூன்றாம் முறை குரல் ஏறியது, பக்கத்தில் குறட்டை இல்லை, எழுந்து விளக்கைப் போட்டேன். இது கோவையில் வைக்கிற கடிதமல்ல என்று தெரிந்தது. மணி இரண்டரை. பக்கத்தில் இருக்கிற ஆள் என்றால் கீழ் வீட்டுக்காரர், மடவளையில் புடவைக்கடை வைத்திருப்பவர். எட்டு வருடமாக வேலிக்கு மேலாக மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கந்தோர் மூடும் நாலேகாலுக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியவன் நான். அப்படிப்பட்டவன், செருப்பு மாட்டிக்கொண்டு, தூறலில் படி இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன். ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். திரும்பாமல் இன்னொருமுறை தட்டினேன்.

“யாரு?”

“மேல் வீட்டு ஆள்.”

இடுப்பில் சாரமும் மேலே பெனியனுமாகத் திறந்தார். “என்ன சேர்? மெடத்துக்கு ஏதுமா?”

“இல்ல. எனக்குத்தான்.” வழியில் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அது காணாமல் போய்விட்டது. “ராவுல கெட்ட யோசனை வருது. என்னையே ஏதாவது செஞ்சுக்கச் சொல்லுது. செய்ய விருப்பமில்ல. ஆனா இன்னைக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு.”

அவர் கதவை அகலத் திறந்து விலகினார். “உள்ளுக்கு வாங்க சேர். நனைஞ்சி நிக்கிறீங்க.”

கதிரையில் உட்காரவைத்து, வீட்டில் யாரையும் எழுப்பாமல், தானே இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ ஊற்றினார். கேத்தலில் கையைச் சுட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தார்.

“எனக்குச் சீனி வருத்தம், சுகர். ராவைக்கு மூணு தரம் எழும்புற ஆள். ஒரு மணி, ரெண்டரை, நாலு. நீங்க கரெக்டா நேரம் பாத்துத்தான் வந்தீக்கிறீங்க.”

“மன்னிச்சிக்கங்க.”

“என்னத்துக்கு? சேர், ஒங்கட மையத்து அடக்கத்துக்கு வார வேலைய மட்டும் எனக்குத் தராதீங்க. அதுக்கு எனக்கு ஏலாது. டீக்கு எத்தின தரமும் வாங்க.”

ஒரு வாய் குடித்தேன். சுடச்சுட, தாராளமாகச் சீனி. சீனி வருத்தக்காரர் தன்னால் முடியாததையெல்லாம் என் கோப்பையில் போட்டிருந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த யோசனை மறுபடி எட்டிப் பார்த்தது. அவர் தன் மச்சான் வாங்கிய ஆட்டோ ஏற்றத்தில் பின்னால் உருண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோவைக் கவனித்தேன்.

விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்தேன். அவர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். “வீட்டுக்குப் போய்ப் படுங்க. கடைக்குப் போக முந்தி ஒருக்கா வந்து பாக்குறேன்,” என்றார். சொன்னபடி ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு நித்திரையானேன். போன் அடித்துத்தான் விழித்தேன். மனைவி. மணி பத்து.

“ஆறு தடவ எடுத்தேன்! எங்க போனீங்க?”

“தூங்கிட்டேன்.”

“பத்து மணி வரைக்குமா?”

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கத்தில் குழந்தை அழுவது கேட்டது.

“கதவத் தட்டினீங்களா?” என்றாள். “நீங்களா?”

“நானேதான். ரெண்டு தடவ.”

“நான் இப்பவே பஸ் ஏறுறேன்.”

“வேணாம். டொக்டருக்கு இன்னைக்கே போய்ச் சொல்லுறேன். நீ புள்ளையப் பாத்துட்டு ஆற அமர வா.”

“பயமா இருந்தா?”

“தட்டுவேன்.”

அவள் இரண்டு முறை சத்தியம் வாங்கிக்கொண்டு, அங்கே இன்னும் ஐந்து நாள் நின்றாள். அன்று பிற்பகலே டொக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஐந்து இரவில் இரண்டு இரவு அது வந்தது. என்ன வந்திருக்கிறது என்று பார்த்தேன். பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்து நித்திரைகொண்டேன்.